பாசஞ்சர் வண்டியில் ஜெர்மனி: டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் என் இரண்டாண்டு வார இறுதிகளும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களின் மகள் வரும் அக்டோபரில் மேற்படிப்புக்காக ஜெர்மனி செல்கிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை இந்திரா நகரில் ஜெர்மன் மொழி வகுப்பை முடித்துவிட்டு வந்தவள், "அண்ணா, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், அப்பா முன்பணம் கட்டப் போகிறார்" என்று ஒரு வண்ணத் தாளை என்னிடம் நீட்டினாள். நகரத்தில் உள்ள ஒரு பயண முகவர், வெளிநாட்டில் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கென்றே ஐந்து வார இறுதிச் சுற்றுலாக்களை ஒரே தொகுப்பாக விற்கிறார். அதிவேக ரயில், விடுதி, காலை உணவு எல்லாம் அதில் அடக்கம். தேதிகளையும் இப்போதே குறித்துவிட வேண்டுமாம். தேர்வு அட்டவணையே இன்னும் கையில் கிடைக்காத ஒரு மாணவி, டிசம்பரில் எந்தச் சனிக்கிழமை தனக்கு ஓய்வு என்பதை ஜூலையில் எப்படிச் சொல்ல முடியும்?

நானும் இதேபோல் ஏமாந்தவன் என்பதால் அவள் அப்பாவிடம் அன்றே பேசினேன். நான் புறப்பட்டபோது வேறொரு முகவர் எனக்குப் பல நாடுகளில் செல்லுபடியாகும் ஒரு ரயில் பாஸை விற்றார். யூரெயில் என்பது ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கானது, ஐரோப்பாவில் குடியேறியவர்கள் வாங்க வேண்டியது இன்டர்ரெயில், அதையும் தான் குடியிருக்கும் நாட்டுக்குள் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்ற அளவில்தான் பயன்படுத்த முடியும் என்ற அடிப்படைத் தகவலைக்கூட அவர் சொல்லவில்லை. அங்கே போய் முகவரியைப் பதிவுசெய்து, வகுப்புகள் தொடங்கி, மூச்சு விட நேரம் கிடைத்தபோதுதான் அந்தப் பாஸ் எனக்குப் பொருந்தாது என்பது தெரிந்தது. பணம் திரும்பி வரவில்லை. அதற்குப் பின் இரண்டாண்டுகள் நான் நம்பியிருந்தது டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டை மட்டுமே. அதைப் பற்றிய என் முழுமையான மதிப்பீட்டை, இங்கிருந்து புறப்படும் மற்ற மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இந்தச் சீட்டு என்ன என்பதைப் பெங்களூருக்காரர்களுக்கு விளக்குவது எளிது. பிஎம்டிசி பேருந்தில் காலையில் ஒரு தினப் பாஸ் வாங்கிக்கொண்டால் அன்று இரவு வரை மெஜஸ்டிக்கிலிருந்து எந்தப் பக்கத்துக்கும் ஏறி இறங்கலாம் அல்லவா? அதை ஒரு மாதத்துக்கு நீட்டி, ஒரு நாடு முழுவதற்கும் விரித்துப் பாருங்கள். நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், எஸ்-பான் எனப்படும் புறநகர் ரயில், ஊருக்கு ஊர் நின்று செல்லும் வட்டார ரயில் என எல்லாவற்றிலும் இரண்டாம் வகுப்பில் பயணம் செய்யலாம். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர விரைவு வண்டிகளில் மட்டும் ஏற முடியாது. 2022 கோடையில் மூன்று மாதங்களுக்கு 9 யூரோ சீட்டு என்று ஒன்றை அந்த நாட்டு அரசு சோதனையாகக் கொடுத்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பைத் தொடர்ந்து 2023 மே 1 அன்று 49 யூரோவுக்கு இந்த மாதச் சீட்டு வந்தது. 2025 ஜனவரியில் 58 யூரோ ஆயிற்று, 2026 ஜனவரியில் 63 யூரோ ஆயிற்று. மாணவர் பேரவை ஒப்பந்தம் செய்துகொண்ட பல்கலைக்கழகங்களில் இதே சீட்டு அறுபது விழுக்காடு விலைக்கு, பருவக் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடும். ஆகவே, அனுமதிக் கடிதம் வந்தவுடன் பருவக் கட்டணத்தில் பயணச் சீட்டு அடங்கியிருக்கிறதா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டுவிடுவதுதான் முதல் வேலை. அடங்கியிருந்தால் வேறு எந்த ரயில் பாஸையும் இங்கிருந்து வாங்கிச் செல்ல வேண்டியதில்லை.

நான் படித்தது சாக்சனி மாநிலத்தில் உள்ள கெம்னிட்ஸில். பொறியியல் படிக்க வரும் இந்திய மாணவர்கள் நிறையப் பேர் இருக்கும் ஊர் அது. நகர நடுவில் கார்ல் மார்க்ஸின் ஏழு மீட்டர் உயரத் தலைச்சிலை ஒன்று இருக்கிறது, வந்து இறங்கும் மாணவர் ஒவ்வொருவரும் வீட்டுக்கு அனுப்பும் முதல் படம் அதுவாகத்தான் இருக்கும். தொலைதூர வண்டிகள் மிகக் குறைவாக வரும் ஊர் என்பதால், எங்களுக்கு வட்டார ரயிலே கதி. லைப்சிக் நகருக்கு ஒரு மணி நேரம், டிரெஸ்டனுக்கு ஒரு மணி நேரம். என் தாத்தா கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு மாரிகுப்பம் பாசஞ்சரில் வேலைக்கு வந்துபோன மனிதர். டீசல் இஞ்சின் இழுக்க, சிறுசிறு நிலையங்களில் எல்லாம் நின்று லைப்சிக் நோக்கிச் சென்ற அந்த வண்டியில் முதன்முதலாக உட்கார்ந்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. ஜெர்மனி என்றாலே மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் ரயில் என்று எண்ணிக்கொண்டு போகிறோம், ஆனால் அந்த நாட்டை எனக்குக் காட்டியது பாசஞ்சர் வண்டிதான்.

இந்தச் சீட்டின் பெரிய சிறப்பாக நான் கருதுவது அதன் விலையை அல்ல. ஒரு சனிக்கிழமை காலை எழுந்து சன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்து, மழை இல்லை என்றால் எல்பே ஆற்றங்கரைக்குப் போகலாம், மழை என்றால் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று அந்த நிமிடத்தில் முடிவெடுக்க அது இடம் கொடுக்கிறது. முன்பதிவு இல்லை, குறிப்பிட்ட வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வழியில் ஓர் ஊர் அழகாகத் தெரிந்தால் இறங்கிவிட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். பாடச்சுமையோடு வாழும் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. முகவரின் தொகுப்பில் பணத்தை இழப்பதைவிட இந்தச் சுதந்திரத்தை இழப்பதுதான் பெரிய இழப்பு என்பேன்.

வானம் தெளிந்த நாளுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கெம்னிட்ஸிலிருந்து டிரெஸ்டன், அங்கிருந்து எல்பே ஆற்றை ஒட்டியே செல்லும் எஸ்-பான், ராத்தென் என்ற சிற்றூரில் இறக்கம். எதிர்க்கரைக்குக் கொண்டுசேர்க்கும் படகு ஆற்றின் நீரோட்டத்தையே விசையாகக் கொண்டு, நீளமான வடத்தில் கட்டப்பட்டு, ஓசையே இல்லாமல் சாய்ந்து நகரும். இஞ்சின் இல்லாத அந்தப் படகில் நிற்கும்போது தண்ணீர் பலகையில் மோதும் ஒலி மட்டும் கேட்கும். அக்கரையிலிருந்து படிகளில் ஏறினால் பாஸ்டை என்ற மணற்பாறைக் கூட்டம். ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரத்தில், 1851இல் கட்டிய கல்பாலம் ஒன்று பாறைகளை இணைக்கிறது. நந்தி மலையில் விடியற்காலையில் மேகம் கீழே கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே நிற்பது வீட்டு நினைவை எழுப்பும். பதினொரு மணிக்கு மேல் கூட்டம் நெரியும். விடியலில் கிளம்பும் முதல் வண்டியைப் பிடித்துவிடுங்கள்.

டிரெஸ்டனையும் லைப்சிக்கையும் பற்றி எல்லாப் பயண நூல்களிலும் இருக்கிறது. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது ஹாலே என்ற ஊரைப் பற்றி. எந்த முகவரின் தொகுப்பிலும் அந்த ஊர் இருக்காது. ஆனால் தமிழ் பேசும் மாணவர்கள் ஜெர்மனியில் ஒரே ஒரு வார இறுதிப் பயணம்தான் செய்ய முடியும் என்றால் அது ஹாலேக்குத்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

லைப்சிக் மைய நிலையத்தின் அடியில் செல்லும் சுரங்கத் தடத்தில் எஸ்-பான் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஹாலேயில் இருப்போம். அங்கே ஃபிராங்கே என்ற சமய அறிஞர் 1698இல் நிறுவிய பள்ளிகளும் அனாதை இல்லமும் சேர்ந்த பெரிய வளாகம் இன்றும் அப்படியே நிற்கிறது. தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய ஜெர்மன் மதப் பரப்புநர் சீகன்பால்கு அந்த ஹாலேயில் படித்தவர். கடற்கரை மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்து பழகியவர் என்று நம் ஊரில் சொல்லிக் கேட்டிருப்போம். அவருக்காகத் தமிழ் அச்செழுத்துகளை வார்த்து 1713 வாக்கில் கப்பலில் அனுப்பிவைத்தது ஹாலே. அந்த எழுத்துகளைக் கொண்டுதான் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு அச்சாகத் தொடங்கியது. அவர் இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அச்சானதும் ஹாலேயில்தான். தரங்கம்பாடியிலிருந்து சென்ற தமிழ் ஓலைச்சுவடிகளை இன்றும் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வருகிறார்கள்.

வளாகத்தின் முன்கட்டடத்தில் மாடிப்படிகள் ஏறி உச்சியில் உள்ள பரணுக்குப் போனால் பதினெட்டாம் நூற்றாண்டின் அரும்பொருள் அறை இருக்கிறது. மரத்தளம் ஒவ்வோர் அடிக்கும் முனகுகிறது. கூரையிலிருந்து பாடம் செய்த முதலை ஒன்று தொங்குகிறது. சுவரோரமாக, உச்சியில் வண்ண ஓவியம் தீட்டிய கண்ணாடி அலமாரிகள் வரிசையாக நிற்கின்றன. உலகின் பல மூலைகளிலிருந்து மதப் பரப்புநர்களும் வணிகர்களும் அனுப்பிய பொருள்கள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. அலுவலகத்தில் படிவங்களை நிரப்பியும், ஆய்வகத்தில் பிழை திருத்தியும், அறையில் தனியாகச் சமைத்தும் கழிந்த ஒரு நவம்பர் மாதத்தில் அந்த அறையில் நான் நின்றேன். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் ஒருவர் 'அ'வையும் 'ஆ'வையும் ஈயத்தில் வார்க்க முயன்றிருக்கிறார் என்ற எண்ணம் வந்தபோது, அந்த நாட்டில் நான் அந்நியன் என்ற உணர்வு சற்றே தளர்ந்தது. எனக்கு அன்று செலவானது நுழைவுக் கட்டணம் மட்டுமே. ரயிலுக்கு என்று தனியாக ஒரு யூரோகூடக் கொடுக்கவில்லை.

அதன் தொடர்ச்சியாகச் சில வாரங்கள் கழித்துப் புல்ஸ்னிட்ஸுக்கும் போனேன். டிரெஸ்டனிலிருந்து கிளை ரயிலில் போகக்கூடிய சிறிய ஊர், சீகன்பால்கு 1682இல் பிறந்த இடம். 1558 முதல் இஞ்சி, கிராம்பு, ஏலம் மணக்கும் மசாலா ரொட்டிக்குப் பெயர் பெற்றது. நம் மலைகளில் விளையும் மணப்பொருள்களைக் கொண்டு சுட்ட ரொட்டியை, தரங்கம்பாடிக்கு வந்தவரின் ஊரில் உட்கார்ந்து தின்றேன்.

வைமருக்குப் போகும் மாணவர்கள் கேத்தே, ஷில்லர் வாழ்ந்த வீடுகளையும், 1919இல் பௌஹவுஸ் கலைப்பள்ளி தொடங்கிய ஊரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே மாதச் சீட்டைக் கொண்டே நிலையத்திலிருந்து நகரப் பேருந்தில் புஹன்வால்ட் வதைமுகாமுக்கும் போக வேண்டும். 1937 முதல் 1945 வரை அங்கே 56,000 பேர் மாண்டார்கள். வாயில் கோபுரத்தின் கடிகாரம் விடுதலை கிடைத்த 3:15 மணியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கவிஞர்களின் ஊருக்கு இவ்வளவு அருகில் அது நடந்தது என்பதைக் காலால் நடந்து உணர்வதற்கு அந்தப் பேருந்து வழிதான் ஏற்றது. அங்கே போகும் நாளில் வேறு எந்தக் கேளிக்கையையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். அவற்றை மறைத்து எழுதினால் இந்த மதிப்பீட்டுக்குப் பொருள் இல்லை.

முதல் குறை, வண்டி தாமதமானாலும் இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு விரைவு வண்டியில் ஏற முடியாது. முழு விலைச் சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை, இதுபோன்ற மலிவுச் சீட்டுகளுக்கு இல்லை. ஒரு ஜனவரி ஞாயிறு இரவு, தடப் பராமரிப்பு நடந்ததால் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விட்டிருந்தார்கள். அது நிலையத்தின் முன்வாசலில் வரும் என்று நானும் இரண்டு நண்பர்களும் காத்திருக்க, பின்பக்கச் சாலையில் வந்து எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. வழிகாட்டிப் பலகை பனியில் மூடிக் கிடந்தது, கேட்க நிலையத்தில் ஊழியர் ஒருவரும் இல்லை. அடுத்த பேருந்து வரும்வரை ஒன்றரை மணி நேரம் திறந்த வெளியில் நின்றோம். கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போன அந்த இரவுக்குப் பிறகு, கடைசி வண்டியை நம்பி நான் எந்தப் பயணத்தையும் திட்டமிட்டதில்லை. கடைசிக்கு இரண்டு வண்டி முன்னதாகத் திரும்புவது என்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மாற்றுப் பேருந்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல் ஷீனன்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர். மொழி வகுப்பில் அதைச் சொல்லித் தருகிறார்களோ இல்லையோ, புறப்படுவதற்கு முன் அதை அடையாளம் காணப் பழகிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை சந்தா முறை. கடையில் கேட்டு வாங்கும் மாதச் சீட்டு அல்ல இது, மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடிக்கப்படும். நிறுத்த வேண்டுமானால் அந்த மாதத்தின் 10ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். நான் நாடு திரும்பும் பரபரப்பில் இருந்தபோது உரிய காலத்தில் அனுப்பிய விலகல் கடிதத்துக்கு எனக்குச் சீட்டு விற்ற நிறுவனம் பதில் தரவில்லை, பெங்களூருக்கு வந்து சேர்ந்த பிறகும் ஒரு மாதக் கட்டணம் போய்விட்டது. உறுதிச் செய்தி கையில் கிடைக்கும்வரை விடாமல் கேளுங்கள், அதைச் சேமித்தும் வையுங்கள்.

சீட்டு கைபேசியிலோ சில்லு அட்டையிலோதான் இருக்கும், பெயர் மாற்றவும் முடியாது. கைபேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டால் சீட்டு இல்லாத பயணியாகவே கருதுவார்கள். அபராதம் 60 யூரோ. பிறகு அலுவலகத்தில் காட்டினால் அது சிறு தொகையாகக் குறையும் என்றாலும் அந்த அலைச்சல் தேவையில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இணையம் கிடைக்காது, எனவே ஏறுவதற்கு முன்பே சீட்டைத் திறந்து வைத்துக்கொள்வதும், கூடவே புகைப்பட அடையாள அட்டை ஒன்றை எடுத்துச் செல்வதும் நல்லது. ஜெர்மன் ரயில் நிறுவனத்தின் டிபி நேவிகேட்டர் செயலியில் இந்தச் சீட்டு செல்லும் வண்டிகளை மட்டும் காட்டும்படி அமைத்துக்கொள்ளலாம். அதைச் செய்யாமல் தெரியாத்தனமாக விரைவு வண்டியில் ஏறிச் சிக்கிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நண்பர்கள் சிலரிடம் மாதச் சீட்டு இல்லாதபோது நாங்கள் சாக்சன் டிக்கெட்டை வாங்கினோம். ஒரு நாளைக்கு, ஐந்து பேர் வரை, சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், தூரிங்கியா ஆகிய மூன்று மாநிலங்களின் வட்டார வண்டிகளிலும் அது செல்லும். ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வார நாள்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறுகளில் நள்ளிரவு முதலே மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும். பயணிகள் எல்லோருடைய பெயரையும் அதில் எழுத வேண்டும். பவேரியாவில் படிப்பவர்களுக்கு இதேபோல் பயர்ன் டிக்கெட் உண்டு. அதைக் கொண்டு எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரையிலும் போய், மொட்சார்ட் 1756இல் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். எல்லையைத் தாண்டும் எந்தப் பயணத்திலும் கடவுச்சீட்டும் குடியிருப்பு அனுமதி அட்டையும் கையில் இருக்க வேண்டும். கியோர்லிட்ஸில் ஆற்றின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்தால் போலந்து, ஐந்து நிமிட நடைதானே என்று அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்திருக்கிறது.

ஞாயிறு என்றால் கடைகள் எல்லாம் மூடியிருக்கும். அதைத் தெரியாமல் போனால் பசியோடு ஊரைச் சுற்ற வேண்டியதுதான். நாங்கள் சனிக்கிழமை இரவே புளியோதரை கிளறி, பெட்டிகளில் அடைத்துக்கொள்வோம். ரயிலில் பெட்டியைத் திறந்தால் நல்லெண்ணெயும் பெருங்காயமும் மணக்கும். எதிரிருக்கையில் இருந்த மூதாட்டி ஒருவர் அது என்ன என்று கேட்டு, ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டு, தம் பையிலிருந்த ஆப்பிளை நறுக்கி எங்களுக்குக் கொடுத்தார். என் ஜெர்மன் பேச்சு தயக்கமின்றி வரத் தொடங்கியது அந்த வண்டிகளில்தான். விரைவு வண்டியில் அவரவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வட்டார வண்டியில் பால்காரர், பள்ளிப் பிள்ளைகள், மிதிவண்டியோடு ஏறும் தாத்தா என ஊரே ஏறி இறங்கும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கு தருவேன். தாமதத்தின்போது மாணவர்களைத் தெருவில் நிறுத்துவதற்காக ஒன்றைக் குறைக்கிறேன். மியூனிக்கிலிருந்து ஹாம்பர்க் போன்ற நெடுந்தொலைவுக்கு இந்தச் சீட்டை நம்ப வேண்டாம், பகல் முழுவதும் வண்டி மாறி மாறியே கழிந்துவிடும். அதற்கு முன்கூட்டியே மலிவாக விற்கும் விரைவு வண்டிச் சீட்டை வாங்குவதே சரி. தான் இருக்கும் ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவுக்குள் உள்ள இடங்களுக்கு இதற்கு நிகர் வேறில்லை.

கீழ்வீட்டு மாமா முன்பணம் கட்டவில்லை. அவர் மகள் சேரவிருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பருவக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, பயணச் சீட்டு அதில் அடக்கம் என்ற பதிலையும் பெற்றுவிட்டாள். நேற்று மாலை மாடிக்கு வந்து ஹாலேயின் பெயரை ஜெர்மன் எழுத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். அங்கிருந்து அவள் அனுப்பப்போகும் முதல் படம் முதலையுடையதா அலமாரியுடையதா என்று அவள் தம்பி இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான்.